மீண்டும் ஒரு 'பீப்'

1980களில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களுக்குத் திரும்பவும் உயிரூட்ட முடியும். முதல் நிபந்தனை: ஸ்விட்சைத் தொடக் கூடாது.

பழைய கம்ப்யூட்டருக்கு மிகப் பெரிய ஆபத்து, அதன் மீது பாசம் வைத்திருப்பவரால்தான் வருகிறது. பள்ளிக்கூட ஸ்டோர் ரூமிலோ வீட்டுப் பரணிலோ, உடைந்த நாற்காலிகளுக்கும் விடைத்தாள் கட்டுகளுக்கும் நடுவே, பழுப்பேறிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று அகப்படுகிறது. கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பு. மேல் வரிசையில் சிவப்பு நிறத்தில் பத்து விசைகள். அதற்கும் மேலே புள்ளிகளால் ஆன ஓர் ஆந்தைச் சின்னம். கண்டெடுத்தவருக்குப் பள்ளி நாட்கள் நினைவுக்கு வருகின்றன. தூசியைத் தட்டுகிறார். பிளக்கைச் செருகுகிறார். ஸ்விட்சைப் போடுகிறார்.

பல சமயம் அது இயங்கவே செய்கிறது. சில நிமிடங்கள் கழித்து உள்ளேயிருந்து 'பட்' என்று ஒரு சத்தம். பெட்டியின் இடது பக்கத்திலிருந்து புகை கிளம்புகிறது. அறை முழுக்க நாற்றம். 40 ஆண்டுகள் தாக்குப்பிடித்த இயந்திரம் கண்ணெதிரே செத்துவிட்டதாக அவர் நினைக்கிறார். அடுத்த நாள் அது காயலான் கடைக்குப் போகிறது.

இதில் வேதனை என்னவென்றால், அந்த இயந்திரம் பெரும்பாலும் சாகவில்லை. வெடித்தது சில ரூபாய் பெறுமானமுள்ள ஒரு கண்டென்சர் மட்டுமே.

பிபிசி மைக்ரோ என்ற இந்த இயந்திரத்தின் சொந்த ஊர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். சாதாரண மக்களுக்குக் கம்ப்யூட்டரைக் கற்றுத்தர ஒரு டிவி தொடரைத் திட்டமிட்ட பிபிசி, அதற்குப் பொருத்தமான கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. ஹெர்மன் ஹவுசரும் கிறிஸ் கரியும் தொடங்கிய அக்கார்ன் என்ற சிறிய நிறுவனம் போட்டியில் குதித்தது. சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் இருந்த குழு, ஒரே வாரத்தில் மாதிரி இயந்திரத்தைக் கட்டி முடித்தது. பிபிசி ஆட்கள் பார்க்க வருவதற்குச் சற்று முன்புதான் அது இயங்கத் தொடங்கியது. 1981 டிசம்பரில் இயந்திரம் சந்தைக்கு வந்தது. சுமார் 12,000 விற்கும் என்பது ஆரம்பக் கணக்கு. விற்றது 15 லட்சத்துக்கு மேல்.

இந்தியாவுக்கு அது வந்தது அரசின் கையைப் பிடித்துக்கொண்டு. 1984-85இல் மத்தியக் கல்வி அமைச்சகமும் எலெக்ட்ரானிக்ஸ் துறையும் சேர்ந்து பள்ளிகளுக்கான கம்ப்யூட்டர் அறிவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'கிளாஸ்' என்று பெயர். சுமார் 250 பள்ளிகளில் ஆரம்பித்து, அந்தப் பத்தாண்டின் முடிவில் 2,500க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அது பரவியது. அத்தனைக்கும் போனது பிபிசி மைக்ரோதான். சண்டிகர் அருகே மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், அதையே 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கு உருவாக்கியது. அந்த நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை 1989இல் தீயில் நாசமானது தனிக் கதை.

பல பள்ளிகளில் அந்த அறைக்குள் நுழைய மாணவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டியிருந்தது. ஒரு கீபோர்டுக்கு முன்னால் நான்கைந்து பேர். ஒருவர் தட்டுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சில வாரப் பயிற்சியோடு வகுப்புக்கு வந்த ஆசிரியர்களும் மாணவர்களோடு சேர்ந்தே கற்றுக்கொண்டார்கள். வந்த பாட மென்பொருள்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றைப் பார்த்து அலுத்த சில ஆசிரியர்கள், தங்கள் பாடத்துக்கான சிறு புரோகிராம்களைத் தாங்களே பேசிக் மொழியில் எழுதி கேசட்டிலும் ஃபிளாப்பியிலும் சேமித்தார்கள். 1990களில் ஐபிஎம் வகைக் கம்ப்யூட்டர்கள் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ள, பழையவை அலமாரிக்கு மேலே ஏறின.

இன்று அவற்றில் ஒன்றை இறக்கி வைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான்.

முதலில் மின்சாரம்

மூடியைக் கழற்றுவது சிரமமில்லை. பின்புறம் இரண்டு, அடியில் இரண்டு என நான்கு ஸ்க்ரூக்கள். எவற்றைக் கழற்ற வேண்டும் என்று பெட்டியிலேயே 'ஃபிக்ஸ்' என்று அடையாளம் போட்டிருக்கிறது. உள்ளே இடது பக்கம் இருக்கும் உலோகப் பெட்டிதான் பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்து சிப்களுக்குக் கொடுப்பது இதன் வேலை. பிரிட்டனிலும் மின்சாரம் கிட்டத்தட்ட இதே அளவுதான் என்பதால், இந்தியாவில் தனி டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படவில்லை.

ஆபத்து இந்த உலோகப் பெட்டிக்குள் இருக்கிறது. மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, சுவரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே தேன் நிறத்தில் கண்டென்சர்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. உள்ளே உலோகப் பூச்சு கொண்ட காகிதச் சுருள். வெளியே கெட்டியான பிசின் உறை. ஆண்டுகள் போகப் போக அந்த உறையில் மயிரிழை போல விரிசல் விடுகிறது. விரிசல் வழியாக ஈரம் நுழைகிறது. கடற்கரை ஊர்களில் கேட்கவே வேண்டாம். 30 ஆண்டுகள் ஈரத்தைக் குடித்த காகிதத்தின் மீது திடீரென்று 230 வோல்ட் பாய்ந்தால் சூடாகி வெடிக்கிறது.

விரிசல் கண்ணுக்குத் தெரிகிறதோ இல்லையோ, இவற்றை மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை என்பது அனுபவசாலிகளின் விதி. புதியவை பிளாஸ்டிக் படல வகையைச் சேர்ந்தவை. ஈரத்துக்கு இந்த அளவு பயப்படாதவை. சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு, டெல்லி நேரு பிளேஸ் போன்ற கடை வீதிகளில் தேடக்கூடிய சரக்குதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சுவர் மின்சாரத்துக்குக் குறுக்கே போடுவதற்கென்றே 'எக்ஸ்' வகை என்று முத்திரை குத்திய கண்டென்சர்கள் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று சாதாரண வகையைப் போட்டால் அது வீட்டையே கொளுத்தலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். அது வடியும்வரை காத்திருந்து, மல்டிமீட்டரால் அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இதில் பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை டிவி மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது கௌரவக் குறைச்சல் அல்ல.

கண்டென்சரை மாற்றியதும் கம்ப்யூட்டரை இயக்கிவிடலாமா? கூடாது. மெயின் போர்டுக்குப் போகும் வயர்களைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரைச் சுமையாக மாட்டி, பவர் சப்ளையை மட்டும் ஓட விட்டு அளக்க வேண்டும். சிவப்பு வயர்களில் 5 வோல்ட் வர வேண்டும். அதற்குப் பதில் 7 அல்லது 8 வந்தால், எதிரே மாட்டியிருப்பது ரெசிஸ்டராக இருந்ததற்குச் சந்தோஷப்பட வேண்டியதுதான். மெயின் போர்டாக இருந்திருந்தால் சிப்கள் கருகியிருக்கும்.

தூசியும் கறுத்த கால்களும்

மெயின் போர்டைப் பார்த்தால் புதியவர்களுக்கு மலைப்பு வரும். சுமார் 100 சிப்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் கொஞ்ச நேரம் பார்த்தால் ஒரு ஒழுங்கு புரிய ஆரம்பிக்கிறது. இது 6502 பிராசசர், வினாடிக்கு 20 லட்சம் துடிப்பு. அந்தப் பதினாறும் நினைவக சிப்கள். ஒவ்வொன்றும் 2 கிலோபைட், மொத்தம் 32. (செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு படம் இதைப் போல நூறு மடங்கு இடம் பிடிக்கும்.) வலது பக்கம் முன்னால் ஐந்து சாக்கெட்டுகள்: இயக்க மென்பொருளும் பேசிக் மொழியும் எழுதப்பட்ட 'ரோம்' சிப்களின் இருப்பிடம். சில சிப்களின் முதுகில் சிறு கண்ணாடி ஜன்னல் இருக்கும். புற ஊதாக் கதிர் பட்டால் உள்ளே எழுதியது அழிந்துவிடும் வகை அவை. ஜன்னல் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை அழுக்கு என்று நினைத்துப் பிய்த்துவிடக் கூடாது.

சுத்தம் செய்ய மென்மையான பிரஷ் போதும். அதற்கு முன் எர்த் ஆன உலோகம் எதையாவது தொட்டு, உடம்பில் இருக்கும் நிலை மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். அடுத்தது சாக்கெட்டுகள். வெள்ளிக் கொலுசு கறுப்பதைப் போல சிப்பின் கால்களும் காலப்போக்கில் கறுக்கின்றன. கறை படிந்த இடத்தில் மின்சாரம் தயங்குகிறது. சாக்கெட்டில் உள்ள சிப்களை ஒவ்வொன்றாக, இரண்டு முனையிலும் மாறி மாறி நெம்பி, மெல்ல வெளியே எடுத்து, காலைத் துடைத்து, அதே திசையில் திரும்பப் பொருத்த வேண்டும். திசை மாறினால் சிப் போச்சு. எடுப்பதற்கு முன் போர்டை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. 'செத்துப்போன' இயந்திரங்கள் கண் விழிப்பதற்கு இந்த எளிய வைத்தியமே பல நேரம் போதுமானதாக இருக்கிறது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஸ்விட்ச். அப்போது கண்ணைவிடக் காதுக்கே வேலை அதிகம். நல்ல நிலையில் உள்ள பிபிசி மைக்ரோ, உயிர் வந்தவுடன் தாழ்ந்த குரலில் ஒரு முறை முனகிவிட்டு, உடனே உயர்ந்த சுருதியில் 'பீப்' என்கிறது. முனகல் என்பது மின்சாரம் வந்ததும் ஒலி சிப் தானாக எழுப்பும் சத்தம். 'பீப்' என்பது பிராசசர் விழித்துக்கொண்டு, அந்தச் சத்தத்தை அடக்கி, 'நான் இருக்கிறேன்' என்று சொல்வது. முனகல் நிற்காமல் நீண்டுகொண்டே போனால் பிராசசர் இன்னும் விழிக்கவில்லை என்று பொருள். எந்த மருத்துவரும் இதைவிடத் தெளிவான அறிகுறியை எதிர்பார்க்க முடியாது.

'பீப்' வந்துவிட்டது, ஆனால் திரையில் எதுவும் தெரியவில்லை என்றால் சந்தேகம் வேறு பக்கம் திரும்புகிறது. ஃபெரான்டி நிறுவனம் செய்த வீடியோ சிப் எப்போதும் கொதிக்கும் ஜாதி. அதன் மேல் வெப்பத்தை வாங்கிக்கொள்ள ஓர் உலோகத் தகடு வைக்கப்பட்டிருக்கும். சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி விரிந்து சுருங்கியதில் அது சாக்கெட்டில் தளர்ந்திருக்கலாம். உண்மையிலேயே பழுதானால்தான் சிக்கல். மற்ற பல சிப்கள் எங்காவது கிடைக்கும். 6502இன் வழிவந்த சிப் இன்றும் தயாராகிறது. இந்த வீடியோ சிப் அக்கார்னுக்காகவே செய்யப்பட்டது. ஃபெரான்டியோ 1993இலேயே திவாலாகிவிட்டது. இன்னொரு செத்த இயந்திரத்திலிருந்து தானம் வாங்க வேண்டும், அல்லது ஆர்வலர்கள் உருவாக்கியிருக்கும் மாற்றுப் பலகையைத் தேட வேண்டும். அதனால்தான் ஓடாத பிபிசி மைக்ரோவையும் பழுது பார்ப்பவர்கள் தூக்கி எறிவதில்லை.

சில சமயம் திரை தெளிவாக இருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டர் பெயருக்குக் கீழே 'லாங்வேஜ்?' என்று ஒரே ஒரு கேள்வி நிற்கிறது. எந்த மொழியில் பேசுவது என்று இயந்திரமே கேட்கிறது. பேசிக் மொழி இருக்கும் ரோம் சிப்பைக் காணவில்லை அல்லது படிக்க முடியவில்லை என்பது அதன் அர்த்தம். சிப்பை எடுத்துத் துடைத்து மீண்டும் பொருத்தினால், பெரும்பாலும் கேள்வி மறைந்து 'பேசிக்' என்ற சொல்லும், கட்டளைக்குக் காத்திருக்கும் அம்புக்குறியும் வந்து நிற்கின்றன.

திறந்து பார்க்கும் உரிமை

ஒரு தனி நபர், மேஜை விளக்கு வெளிச்சத்தில், ஒரு மல்டிமீட்டரையும் பற்றவைக்கும் கம்பியையும் வைத்துக்கொண்டு 40 ஆண்டு பழைய கம்ப்யூட்டரை எழுப்ப முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அதைச் செய்தவர்கள் எதையும் மறைக்கவில்லை என்பதுதான். அக்கார்ன் வெளியிட்ட சர்வீஸ் கையேட்டில் முழு சர்க்யூட் படமும் இருக்கிறது. எந்த இடத்தில் என்ன சிக்னல் வர வேண்டும் என்று தேடிப் பார்க்கலாம். முக்கியமான சிப்கள் சாக்கெட்டில் இருப்பதால் பற்றவைப்பைத் தொடாமலே மாற்றலாம்.

இதில் ஒரு முரண் உண்டு. இதே வில்சனும் ஃபர்பரும் 1983இல் புதிய பிராசசர் ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தார்கள். 1985 ஏப்ரல் 26 அன்று அது முதல் முறையாக இயங்கியது, ஒரு பிபிசி மைக்ரோவோடு இணைக்கப்பட்டு. அதன் பெயர் ஆர்ம். இன்று ஏறக்குறைய எல்லா செல்போன்களிலும் துடிப்பது அந்த வம்சத்தைச் சேர்ந்த பிராசசர்தான். ஆனால் பாட்டன் நான்கு ஸ்க்ரூவில் திறந்துகொள்கிறார். பேரனைத் திறக்க வேண்டுமானால் பசையை இளக்கச் சூடு காட்ட வேண்டும். திறந்தாலும் உள்ளே தனி மனிதர் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

கேசட்டில் இருப்பது என்ன?

கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. ஆனால் அது வெறும் பாத்திரம். அதில் ஓடியவை எங்கே என்பதுதான் பெரிய கேள்வி.

பிபிசி மைக்ரோவின் புரோகிராம்கள் சாதாரண ஆடியோ கேசட்டில் ஒலியாகவே பதிவாயின. பூஜ்யத்துக்கு 1,200 ஹெர்ட்ஸ் சத்தம், ஒன்றுக்கு 2,400 ஹெர்ட்ஸ். பாட்டுப் போடும் டேப் ரிக்கார்டரில் வைத்தால் காது கூசும் ஒரு கீச்சொலி. 10 கிலோபைட் ஏற ஒன்றரை நிமிடத்துக்கு அதிகம். அலமாரியில் கம்ப்யூட்டரோடு கிடக்கும் கேசட்டுகளில் கடையில் வாங்கிய விளையாட்டும் இருக்கலாம். ஓர் இயற்பியல் ஆசிரியர் ஊசல் குண்டு பற்றி எழுதிய புரோகிராமும் இருக்கலாம். முதலாவது உலகத்தில் எங்காவது பிரதி எடுக்கப்பட்டிருக்கும். இரண்டாவதற்கு அந்த ஒரு கேசட்தான் எல்லாமே.

நம் ஊர் ஈரப்பதத்தில் டேப்பிலும் ஃபிளாப்பியிலும் பூஞ்சை பிடிக்கிறது. வெள்ளைப் படலத்தோடு டிரைவில் செருகினால், படிக்கும் தலையும் அழுக்காகி, தட்டின் காந்தப் பூச்சும் உரிந்துவிடலாம். பழைய டேப் ரிக்கார்டரின் ரப்பர் பெல்ட் இளகித் தார் மாதிரி ஆகியிருக்கும். எனவே இங்கும் அதே விதி: முதலில் பார், பிறகு சுத்தம் செய், கடைசியில் ஓட்டு. நல்ல டேப் ரிக்கார்டர் ஒன்றில் கேசட்டை ஓட விட்டு, அந்த ஒலியை இன்றைய கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொள்வது முதல் பாதுகாப்பு. ஒலிக் கோப்பிலிருந்து புரோகிராமைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் உண்டு. எடுத்ததை எழுந்து நிற்கும் பிபிசி மைக்ரோவில் ஏற்றி ஓட்டினால் சரியாக வந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் நிஜமான இயந்திரம் வேண்டுமா, பிபிசி மைக்ரோவைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள் இருக்கிறதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். எமுலேட்டரில் ஓட்டலாம். ஆனால் கேசட்டிலும் ஃபிளாப்பியிலும் இருப்பதை யாராவது ஒருவர் படித்து வெளியே எடுத்த பிறகுதான் ஓட்ட முடியும். பிரிட்டனே இந்தப் பாடத்தைச் சங்கடப்பட்டுத்தான் கற்றது.

1086இல் முதலாம் வில்லியம் மன்னர் இங்கிலாந்தின் நிலபுலன்களைக் கணக்கெடுத்துத் தொகுத்த ஏடு 'டூம்ஸ்டே புக்'. அதன் 900ஆம் ஆண்டை ஒட்டி, 1986இல் பிபிசி புதிய டூம்ஸ்டே ஒன்றைத் தயாரித்தது. 10 லட்சம் பேர், பெரும்பாலும் பள்ளி மாணவர்கள், தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் இரண்டு லேசர் தட்டுகளில் ஏறின. அவற்றைப் படிக்க பிபிசி மைக்ரோவின் வாரிசான 'மாஸ்டர்' கம்ப்யூட்டரும் பிரத்யேக பிளேயரும் தேவைப்பட்டன. முழு செட்டின் விலை சுமார் 5,000 பவுண்டு. வாங்கிய பள்ளிகள் குறைவு. 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், 900 ஆண்டு பழைய தோல் ஏட்டைப் படிக்க முடிந்தது; 1986இன் தட்டைப் படிக்கும் இயந்திரங்கள்தான் அருகிக்கொண்டிருந்தன. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் அதை எமுலேட்டரில் ஓட்டிக் காட்டினார்கள். ஊர்க் குறிப்புகளை 2011இல் பிபிசி இன்டர்நெட்டில் வெளியிட்டது. ஓடக்கூடிய பழைய சாதனங்களைச் சிலர் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இது கைகூடியது.

இந்தியாவின் 2,500 பள்ளிகள் எழுதியவை எந்தத் தட்டிலும் தொகுக்கப்படவில்லை. இருந்தால் அவை அங்கங்கே அலமாரிகளில்தான் இருக்கும். பள்ளியின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் கம்ப்யூட்டருக்கு ஒரு வரி உண்டு. பழுதென்று எழுதிக் கணக்கிலிருந்து நீக்கி, எடைக்குப் போடும் நாளில் அந்த வரி அடிக்கப்படும். பக்கத்தில் இருந்த கேசட்டுக்கு ரிஜிஸ்டரில் வரியே இருக்காது, அடிக்கவும் தேவையில்லை. போர்டில் இருக்கும் செம்புக்கும் சிறு துளித் தங்கத்துக்கும் விலை போட்டு, மற்றதைக் குப்பையில் கொட்டுவார்கள்.

இதைத் தடுக்கப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். எடைக்குப் போடுவதற்கு முன் ஒருவர் அலமாரியைத் திறந்து பார்த்தால் போதும். கேசட்டையும் ஃபிளாப்பியையும் தனியே எடுத்து உலர்ந்த இடத்தில் வைக்கலாம். லேபிளில் பென்சிலால் எழுதியிருக்கும் பெயரைப் படிக்கலாம். எழுதிய ஆசிரியர் அதே ஊரில் ஓய்வில் இருக்கலாம். கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுக்கலாம். அவர் வரும்வரை பிளக்கைச் செருகாமல் இருக்க வேண்டும். அந்தப் பொறுமை ஒன்றுதான் செலவு.

பிறகு ஒரு மாலை, தாழ்ந்த குரலில் ஒரு முனகல். அதைத் தொடர்ந்து ஒரு 'பீப்'. கேசட் சுழலத் தொடங்கும். 1980களின் இறுதியில் ஏதோ ஒரு வகுப்பில், நான்கைந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்த அதே ஊசல் குண்டு, திரையில் மீண்டும் ஆட ஆரம்பிக்கும்.